பதினொரு மணிக்கு வரும் கோபம்: பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து இந்தப் பையனை என்னிடம் அனுப்பியபோது, கூட வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: “சக மாணவர்களை அடிக்கிறான், கட்டுப்படுத்த முடியவில்லை.” வயது 11, ஆறாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பையனுக்கு உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பால் அடித்திருக்கிறான். டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற பேச்சு ஆசிரியர்கள் அறையில் தொடங்கியிருந்தது.

குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வைக்காமல், பையன் என்றே எழுதுகிறேன். சாப்பாடு, நேரம், ரத்தப் பரிசோதனை, சண்டைகளின் போக்கு ஆகியவை நடந்தபடியே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகராக இதை எழுதுகிறேன். மருத்துவப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்.

வீட்டு நிலவரம்

அப்பாவுக்குப் பல வருடமாகப் பெங்களூருவில் கட்டட வேலை. குடிப்பழக்கம் உண்டு. வாரத் தவணைக் கடன் கழுத்தை நெரித்ததால் பையன் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவும் அங்கே சித்தாள் வேலைக்குப் போய்விட்டார். பையனும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கையும் ஆயா (பாட்டி) வீட்டில் இருக்கிறார்கள். ஆயாவுக்கு அறுபது வயதுக்கு மேல். தக்காளி பறிக்கப் போகிறார். மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்பும் முன் காய் பறித்துக் கூடையில் ஏற்றியாக வேண்டும், அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அடுப்பு எரிவது ராத்திரி ஒரு வேளைதான்.

முதல் முறை பார்த்தபோது ஆயா என்னிடம் சொன்னது இது: “அவங்கப்பனுக்கும் இப்படித்தாம்மா, மூக்கு நுனியில கோவம். பரம்பரை புத்தி, எங்க போகும்?” பள்ளியிலும் ஏறக்குறைய இதே விளக்கம்தான். அப்பா குடிக்கிறார், அடிக்கிறார், பையனும் அடிக்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் அவனுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியையிடம் போனில் கேட்டபோது அவர் நம்பவே இல்லை. “வாயாடி மேடம், ஒத்துக்கறேன். ஆனா கை நீட்டுற பையன் இல்ல.” அப்பா அப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தார். அப்படியானால் ஜூன் மாதத்தில் புதிதாக வந்தது எது என்று தேட வேண்டியிருந்தது. அம்மா வீட்டில் இல்லை. பள்ளி புதிது, பெரிய பையன்கள் இருக்கும் இடம், பேருந்தில் போக வேண்டிய தூரம். இவை மூன்றும் உடனே கண்ணில் பட்டன. நான்காவதாக ஒன்று இருந்தது. அது எந்தத் தாளிலும் இல்லை.

என்ன சாப்பிட்டான் என்று கேட்கும் முறை

“காலையில சாப்ட்டியா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் “சாப்ட்டேன்” என்றுதான் சொல்லும். இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு அவமானம் என்று ஏழு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பள்ளியில் நிரப்பிய படிவத்திலும் காலை உணவு என்ற இடத்தில் ‘ஆம்’ என்றே இருந்தது. அதனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து வருவேன்.

“நேத்து ராத்திரி என்ன?”

“களி மிஸ்.”

“தொட்டுக்க?”

“புளிச்சாறு.”

“காலையில எழுந்ததும்?”

“டீ.”

“யாரு போட்டா?”

“நான்தான். பாப்பாவுக்கும் நான்தான் போட்டேன்.”

“அப்புறம்?”

“பஸ்ஸு.”

டீ என்று அவன் சொன்னது பால் இல்லாத வரடீ. ஆயா பழைய சோறு மூடி வைத்துவிட்டுத்தான் போகிறார். அதை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். பார்த்தாலே குமட்டுகிறது என்றான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவன் மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்குச் சத்துணவு போடும்போதுதான் அடுத்து சாப்பிடுகிறான். கிட்டத்தட்ட 17 மணி நேரம். நடுவில் கையில் ஐந்து ரூபாய் இருந்தால் ஒரு மசாலா பாக்கெட். அவ்வளவுதான்.

போன வருடம்வரை அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஊர்ப் பள்ளியில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாக, காய்கறிச் சாம்பாரோடு தினமும் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போன அன்றே அது நின்றுபோனது. தங்கை இன்றைக்கும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்காருகிறாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான காலை. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது. காலை உணவு ஐந்தோடு முடிகிறது. ஏறக்குறைய இந்த வயதில்தான் உடம்பு வேகமாக வளரத் தொடங்குகிறது, பள்ளியின் தூரமும் கூடுகிறது. அந்த வயதில் காலைச் சாப்பாடு நின்றுபோவது எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடியாத ஒன்று.

பதிவேட்டில் ஒரு புதுக் கட்டம்

சண்டை என்று மட்டும் எழுதாமல் எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதித் தரும்படி வகுப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு 40க்கு மேல் பிள்ளைகள், இருந்தும் ஒழுங்காக எழுதினார். சில வாரத்தில் படம் துலங்கிவிட்டது. பெரும்பாலான சண்டை மூன்றாம், நான்காம் பாடவேளையில், அதாவது பதினொரு மணிக்கு மேல் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மதியம் விளையாட்டு வேளையில்கூட, பிள்ளைகள் உண்மையில் மோதிக்கொள்ளும் நேரத்தில்கூட, அவன் பேர் அதிகம் வரவில்லை.

உதடு கிழிந்த சம்பவத்தையும் திரும்ப விசாரித்தேன். அது சத்துணவு வரிசையில் நடந்திருக்கிறது. தட்டோடு நின்றுகொண்டிருந்தவனைத் தள்ளிவிட்டு ஒரு பையன் முன்னால் புகுந்திருக்கிறான். கையில் இருந்தது தட்டு, அதாலேயே அடித்துவிட்டான். சாப்பாட்டு வரிசை என்ற விவரம் எனக்கு வந்த தாளில் இல்லை. இதைச் சொல்வதால் கிழிந்த உதட்டின் வலி குறையாது, அந்தப் பையனின் அம்மாவுக்குக் கோபம் வந்ததும் நியாயமே. ஆனால் ‘தட்டால் அடித்தான்’ என்பதும் ‘17 மணி நேரம் சாப்பிடாமல் நின்ற வரிசையில் இடம் பறிபோனதும் தட்டால் அடித்தான்’ என்பதும் வெவ்வேறு நோய்க்குறிப்புகள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெறும் வயிற்றில் ‘சர்க்கரை இறங்கிவிடும், அதனால் கோபம்’ என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆரோக்கியமான உடம்பில் ராத்திரி முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சேமித்து வைத்ததை விட்டு ரத்தச் சர்க்கரையை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். பசியில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை வந்திருக்கிறது என்று பொருளல்ல. ஆனால் அந்தத் தாங்கிப் பிடிக்கும் வேலையை அட்ரினலின் போன்ற ஹார்மோன்களும் சேர்ந்துதான் செய்கின்றன. இதே ஹார்மோன்தான் சண்டைக்கும் உடம்பைத் தயார் செய்கிறது. படபடப்பு, கை நடுக்கம், சின்ன உரசலுக்கும் எகிறுவது எல்லாம் அந்த வழியில் வருபவை.

பசி மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு நான் மறக்காத சான்று மின்னசோட்டா பட்டினிச் சோதனை. 1944இன் கடைசியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தச் சோதனையில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் யார் என்பதுதான் முக்கியம். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று உலகப் போரில் சேர மறுத்தவர்கள், போருக்குப் பின் பசித்த ஜனங்களுக்கு உதவட்டும் என்று தாங்களாக முன்வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களே வாரங்கள் போகப் போக எரிந்து விழுந்தார்கள், சிடுசிடுத்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயதுப் பையனிடம் அவர்களைவிடப் பொறுமையை எதிர்பார்க்கிறோம்.

சட்டைப் பையில் பச்சரிசி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையம் இதுதான்.

வகுப்பில் எதையோ மென்றுகொண்டே இருக்கிறான் என்று அவன்மேல் இன்னொரு புகாரும் இருந்தது. கணக்கு ஆசிரியர் ஒருநாள் சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தால் பச்சரிசி. திருட்டுத்தனம், ஒழுக்கக் குறைவு என்று அதையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அவனிடம் கேட்டேன். “வாயில போட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு மிஸ்” என்றான். பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், மண் என்று உணவல்லாததையோ சமைக்காததையோ தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். கர்ப்பிணிகளிடம் நம் ஊர்ப் பெரியவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பையன்களிடம் தெரிந்தால் அடிதான் விழுகிறது.

நாக்கை நீட்டச் சொன்னேன். வெளுத்து, வழவழவென்று இருந்தது. இரண்டு வாயோரமும் வெடித்திருந்தன. கீழ் இமையின் உட்புறத்தில் சிவப்பே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு, “அதான் பசங்க கூட ஓட மாட்டேன்” என்றான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.7. இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 11.5. எட்டுக்குக் கீழே போனால் கடுமையான சோகை, இவன் அந்த விளிம்பில் நின்றான்.

எப்படி இவ்வளவு இறங்கியது? ராகிக் களி தின்னும் பிள்ளைக்குச் சோகையா என்று ஆசிரியர் ஒருவர் ஆச்சரியப்பட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் இது. ராகி நல்ல தானியம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசி பக்கத்தில்கூட வர முடியாது. இரும்பும் இருக்கிறது. ஆனால் அந்த இரும்போடு ஃபைட்டேட், டானின் என்ற பொருட்களும் சேர்ந்தே இருப்பதால் குடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். முளைகட்டியோ புளிக்கவைத்தோ சாப்பிட்டால் நிலைமை மேம்படும். பழைய சாப்பாட்டு முறையில் களியோடு கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, அவரை, மொச்சை, எப்போதாவது கருவாடு அல்லது கோழி என்று கூட ஒன்று இருந்தது. இந்த வீட்டில் களி மட்டும் மிஞ்சியிருக்கிறது, கூட இருந்தது போய்விட்டது. அதன் மேல் வரடீ. தேயிலையின் டானின் இரும்பை இன்னும் தடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. செருப்பில்லாமல் தக்காளித் தோட்டத்தில் ஆயாவோடு சனி, ஞாயிறு வேலை. ஒதுங்குவதும் வெளியிலேதான். காலின் தோல் வழியே ஏறும் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். பள்ளியில் போட்ட குடற்புழு மாத்திரை நாளில் அவன் வரவில்லை. வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி, வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். முதல் முறை வெறும் வயிற்றில் போட்டு வயிறு பிரட்டியிருக்கிறது, அடுத்த நாள் மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டான். கறுப்பாகத்தான் போகும், பயப்படாதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ரத்தம் குறைந்தால் சோர்வு வரும், கோபம் எப்படி வரும் என்று கேட்பார்கள். மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின், செரட்டோனின் என்ற பொருட்களை உருவாக்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். பொறுத்துப்போவது, யோசித்துக் கை நீட்டுவது எல்லாம் இவற்றோடு சம்பந்தப்பட்டவை. குழந்தை மருத்துவப் பாடநூல்களில் ஒரு குறிப்பு உண்டு: இரும்பு மருந்து தொடங்கினால் முதலில் தெரியும் மாற்றம் ரத்தத்தில் இல்லை, எரிச்சல் குறைவதும் பசி எடுப்பதும்தான். ஹீமோகுளோபின் ஏற வாரங்கள் ஆகும். பழைய சோற்றைப் பார்த்தால் குமட்டியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சாப்பாடு இல்லாததால் சோகை, சோகையால் இருக்கும் சாப்பாடும் இறங்கவில்லை.

மொரிஷியஸ் தீவில் நடந்த ஓர் ஆய்வு இந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. மூன்று வயதில் ஊட்டக் குறைவின் அடையாளம் இருந்த 353 பிள்ளைகளையும் இல்லாத 1,206 பிள்ளைகளையும் 8, 11, 17 வயது என்று தொடர்ந்து பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. ஊட்டம் குறைந்திருந்தவர்களிடம் எட்டு வயதில் மூர்க்கமும் பதினேழில் ஒழுங்கு மீறலும் கூடுதலாக இருந்தன. குடும்பக் கஷ்டங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. அவர்கள் தேடிய உடல் அடையாளங்களில் சோகையும் ஒன்று, வாயோர வெடிப்பும் ஒன்று. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளில் 57 விழுக்காட்டுக்குச் சோகை. இவர்கள் எல்லோரும் அடிதடிக்காரர்கள் ஆவதில்லை, ஆகவும் மாட்டார்கள். சோகை ஒன்று மட்டுமே ஒரு பிள்ளையின் கையை ஓங்கவைப்பதில்லை. ஆனால் அம்மா பிரிந்த, புது இடத்தில் கிண்டலுக்கு ஆளான, பசித்த பிள்ளைக்குச் சோகையும் சேரும்போது தாங்கும் எல்லை மிகவும் கீழே இறங்கிவிடுகிறது.

செய்தது

மருத்துவர் குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் கொடுத்து, தினமும் இரும்பு மாத்திரை எழுதினார். அதை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பாசிரியர் கண்முன் போடுவது என்று ஏற்பாடு. வயிறு பிரட்டாது, வேப்பமரத்துக்கும் போகாது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்பே சொல்லிவிட்டோம்.

காலைச் சாப்பாட்டுக்கு ஆயாவோடு உட்கார்ந்து பேசினேன். விடியுமுன் கிளம்புகிறவரிடம் இட்லி சுடுங்கள் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. “கூழு வெச்சா குடிப்பானா கேளுங்க” என்றார் அவரே. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ள முடிகிறது. மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு ராத்திரி காய்ச்சி வைத்தால் காலையில் மோர் ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான், புளிப்பதால் இரும்பும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். டீயைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். பழுத்து வெடித்து, விலைக்குப் போகாத தக்காளி இவர்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். களியோடு பச்சையாக இரண்டு நறுக்கிக் கொடுத்தால் அதிலுள்ள சி வைட்டமின் இரும்பை உறிஞ்ச உதவும் என்றேன். முருங்கைக் கீரை வேலியிலேயே இருந்தது. முதல் நாட்களில் கூழை அவன் பாதிதான் குடித்தான்.

பள்ளியில் செய்த ஏற்பாடுதான் எனக்கு மிகப் பிடித்தது. தலைமையாசிரியர் ஒரு டப்பா கடலை உருண்டை வாங்கி வைத்தார், செலவை ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ‘சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள்’ என்று யாரையும் கேட்கவில்லை. முதல் இடைவேளையில் வேண்டுமென்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு இந்தப் பையனுக்கு. எத்தனை பிள்ளைகள் வந்து நின்றார்கள் என்பதைப் பார்த்து ஆசிரியர்கள் அதிர்ந்துபோனார்கள்.

இதோடு அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பேசுவது, நான்காம் பாடவேளையில் அவனை வருகைப் பதிவேட்டோடு அலுவலகத்துக்கு ஒரு நடை அனுப்புவது, என்னோடு வாரம் ஒரு முறை பேச்சு. இவ்வளவும் ஒரே சமயத்தில் தொடங்கின.

மாறியது, மாறாதது

முதலில் பச்சரிசி நின்றது. அப்புறம் பசிக்கிறது என்று தானாகவே சொல்லத் தொடங்கினான். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 9.9. பதினொரு மணிச் சண்டைகள் குறைந்தன, பதிவேட்டில் தெளிவாகவே தெரிந்தது.

பிறகு அரையாண்டு விடுமுறை. பிள்ளைகள் இருவரும் பெங்களூருவுக்கு, அம்மா அப்பா தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனார்கள். மாத்திரை ஊரிலேயே தங்கிவிட்டது. காலையில் பன்னும் டீயும். பொங்கல் கழிந்து பள்ளிக்கு வந்த வாரத்தில் பழையபடி மூன்றாம் பாடவேளையில் அடிதடி. சாப்பாடு நின்றதும் கோபம் திரும்பியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டகையில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததை அவன் பார்த்திருக்கிறான். எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது, முடியும் என்று சொல்பவரை நான் நம்பவும் மாட்டேன்.

கூழும் மாத்திரையும் மறுபடி தொடங்கின. மார்ச்சில் ஹீமோகுளோபின் 11.6. சண்டைகள் மறுபடி குறைந்தன. உன் அம்மா ஓடிப்போய்விட்டாள் என்று எவனாவது சொன்னால் மட்டும் இன்றைக்கும் கை ஓங்குகிறான், அதற்கு நேரம் காலம் கிடையாது, வயிறு நிறைந்திருந்தாலும் அதே அடிதான். அந்தக் காயத்துக்கு இரும்பு மருந்தில்லை.

ஆசிரியர்களின் மதிப்பீட்டையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1994இல் வந்த ஓர் ஆய்வில், பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சில அம்மாக்களிடம் சொன்னார்கள். உண்மையில் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். இருந்தும் அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை கூடுதலாகத் துள்ளுவதாகச் சொன்னார்கள். நம்பிக்கை கண்ணை மாற்றும். அதே ஆண்டில் வெளியான கவனமான இன்னோர் ஆய்விலும் சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. அதனால் மிட்டாய் தின்றதால்தான் அடிக்கிறான் என்ற பேச்சை விட்டுவிடலாம். செயற்கை நிறங்கள் பற்றி 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் செய்த ஆய்வு பரபரப்பைக் கொஞ்சம் கூட்டுவதாகக் காட்டியது. அது மூர்க்கத்தைப் பற்றியது அல்ல. பேருந்து நிறுத்தக் கடைகளில் விற்கும் எனர்ஜி டிரிங்க் பாட்டில்கள்தான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று லேபிளிலேயே போட்டிருக்கும், எட்டாம் வகுப்புப் பையன்கள் கையில் அதைத்தான் பார்க்கிறேன். காஃபீன் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பொறுமை எங்கிருந்து வரும்?

சரி, உணவை மாற்றினால் அடிதடி குறையும் என்பதற்கு நேரடிச் சோதனையே இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தின் ஐல்ஸ்பரி இளையோர் சிறையில் பெர்னார்ட் கெஷ் குழுவினர் 231 கைதிகளைப் பிரித்து ஒரு பாதிக்கு வைட்டமின், தாது, கொழுப்பு அமில மாத்திரையும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2002இல் வெளியான முடிவின்படி, உண்மையான மாத்திரை எடுத்தவர்கள் சிறையில் செய்த குற்றங்கள் மற்றவர்களைவிட 26 விழுக்காடு குறைவு. நெதர்லாந்தில் 221 இளம் கைதிகளிடம் இதைத் திரும்பச் செய்தார்கள், 2010இல் வெளியானது. பதிவான சம்பவங்கள் அங்கேயும் குறைந்தன. ஆனால் கைதிகள் தங்களைப் பற்றிச் சொன்னதிலும் காவலர்கள் மதிப்பிட்டதிலும் வித்தியாசம் தெரியவில்லை. என் பையனின் பதிவேடும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் பேசுகிறது. சம்பவங்கள் குறைந்தன, உள்ளே இருக்கும் கோபம் குறைந்ததா என்று அவனிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறான்.

டிசி பேச்சு அடங்கிவிட்டது. உதட்டில் தையல் போட்ட பையனும் இவனும் இப்போது ஒரே பெஞ்ச் இல்லை, ஆனால் ஒரே கபடி அணி.

அடுத்து

இரும்பு மாத்திரை கோடை விடுமுறையிலும் தொடர வேண்டும். ரத்தத்தில் அளவு ஏறிய பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்பச் சில மாதம் பிடிக்கும். மாத்திரையை இந்த முறை ஆயா முந்தானையில் முடிந்து வைக்காமல் அம்மாவிடமே கொடுத்து, எப்போது எப்படித் தர வேண்டும் என்று போனில் விளக்கியாயிற்று. பி12 வைட்டமின் அளவை இன்னும் பார்க்கவில்லை. இறைச்சியும் பாலும் அபூர்வமான வீடு, அதனால் பார்த்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அப்பாவை மே மாதம் ஊருக்கு வரும்போது சந்திக்கக் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே ‘நேத்து ராத்திரி என்ன, காலையில எழுந்ததும் என்ன’ என்று தனித்தனியாகக் கேட்டு எழுதவும், நாக்கும் கண்ணிமையும் வெளுத்திருப்பவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பவும் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கடலை உருண்டை டப்பா ஒன்று போதாது, இரண்டாகட்டும் என்று சொன்னவர் பச்சரிசியைக் கண்டுபிடித்த கணக்கு ஆசிரியர்.